மைக் செட்டும் ஐந்து கோட்டு நோட்டும்

போன கட்டுரை முல்லைப் பெரியாறு அணை, அதற்கு முந்தியது பல்லி வால் ஏன் அறுந்தும் துடிக்கிறது என்பது, இந்தத் தடவை இசை. "உனக்குன்னு ஒரு சப்ஜெக்டே கிடையாதாடா?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். கிடையாது :-)

விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் இருக்கும் என் அத்தை பையன் அங்கே ஏ லெவல் படிக்கிறான், நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரி. அவன் எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்றின் பெயர் 'மியூசிக் டெக்னாலஜி'. இசையில் தொழில்நுட்பம் என்று ஒரு தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள், அதற்குப் பிராக்டிகலும் உண்டு. பரீட்சை நெருங்குகிறது என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணிப் புலம்பினான். புலம்பி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "மச்சான், உங்க ஊர்ல இதுக்கெல்லாம் என்ன பண்றாங்க?"

நம்ம ஊரில் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் உண்டு, பிசிக்ஸ் பிராக்டிகல் உண்டு. இசைக்குத் தொழில்நுட்பப் பிராக்டிகலா? "இங்க ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. கொஞ்சம் யோசித்ததும் நான் சொன்னது தப்பு என்று தோன்றியது. அந்தத் தப்பைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவனுடைய பாடத்திட்டம். பியர்சன் எட்எக்செல் என்ற தேர்வு அமைப்பு நடத்துகிறது. நாலு பகுதி. ஒரு பாட்டைப் பதிவு செய்து கொடுக்க வேண்டும், அதற்கு 20 சதவீதம். கணினியில் ஒரு இசைத் துண்டை உருவாக்க வேண்டும், அதற்கும் 20. பதிவான பாட்டுகளைக் கேட்டு, இது எப்படிப் பதிவானது என்று எழுதுவது 25. கடைசியாக, பரீட்சை அறையிலேயே கணினி முன்னால் உட்கார்ந்து, கொடுத்த ஒலிகளைச் சரிசெய்து, கலந்து, கேள்விகளுக்கும் பதில் எழுதுவது 35. இதைத்தான் பிராக்டிகல் என்று பயந்துகொண்டிருக்கிறான்.

கூடவே ஒலிப்பதிவின் வரலாறும் படிக்க வேண்டும். 1930 தொடங்கி 1963 வரை எல்லாரும் ஒன்றாக வாசித்து நேரடியாக மோனோவில் பதிந்த காலம். 1964 முதல் 1969 வரை நாலைந்து தடங்களில் பிரித்துப் பதிந்த காலம். 1969க்குப் பிறகு பதினாறு, இருபத்து நாலு தடங்கள். 1980 வாக்கில் டிஜிட்டலும் சீக்வென்சரும். 1996 வாக்கிலிருந்து எல்லாமே கணினிக்குள். ஐந்து காலகட்டம். மனப்பாடமாக ஒப்பித்தான், பாவம்.

அந்த ஐந்து கட்டத்தையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நம்ம பள்ளத்தாக்கு அந்தந்த வருடங்களில் என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிப் பார்த்தேன். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி. முதல் வரியிலேயே பேனா நின்றது. பதிவு செய்யும் கருவி எதுவும் இங்கே இல்லை. ஆனால் ஒரு பெட்டி இருந்தது.

ஆர்மோனியம்தான். நாடகக்காரர்கள் அதைப் 'பெட்டி' என்றேதான் சொல்வார்கள், வாசிப்பவர் பெட்டிக்காரர். பாரிஸில் அலெக்சாண்டர் டெபேன் என்பவர் 1842-ல் காப்புரிமை வாங்கிய கருவி. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அடிக்கிற மாதிரி மாற்றினார். கப்பலில் வந்த சாமான் எப்படியோ நம்ம ஊர் வள்ளி திருமணம் நாடக மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பெரிய வித்வான்களுக்கு அதைப் பிடிக்கவில்லை. காரணம் உண்டு. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எதுவும் கிடையாது. கமகம் வராது, ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகாது. தாகூருக்கும் அதன் மேல் வெறுப்பு. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. முப்பத்தோரு வருடம்! அந்த முப்பத்தோரு வருடமும் ரேடியோவில் நுழைய முடியாத பெட்டி இங்கே திருவிழாக்களிலும் கட்சி மேடைகளிலும் ஜம்மென்று பாடிக்கொண்டிருந்தது.

இங்கேதான் பண்ணைப்புரம் வருகிறது. கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். யாரைச் சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆனால் அவருக்கு முன்னால் அவருடைய அண்ணன். பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். தெரிந்த மெட்டில் அன்றைய அரசியலை வைத்துப் பாட்டுக் கட்டுவார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். போடி மெட்டு ஏறினால் அந்தப் பக்கம் தேவிகுளம். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கேரளத்தோடு போன ஊர், தோட்டங்களில் நிறையத் தமிழ்த் தொழிலாளர்கள். அந்தத் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பாவலரின் பாட்டுக்கு அந்த வெற்றியில் பெரிய பங்கு உண்டு என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு பெட்டி, ஒரு குரல், ஒரு மைக் செட். பரீட்சை எழுதினாரா? நோட்டேஷன் தெரியுமா? ஒன்றும் கிடையாது. தேர்தலில் வேலை செய்தது அந்தப் பாட்டு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நான் இப்போது ஒரு சிக்கலில் இருக்கிறேன். நான் கீபோர்டு வாசிப்பேன். காதால் கேட்டே பழகியவன். டிரினிட்டி கிரேடு பரீட்சையில் ஐந்தாம் கிரேடு வரை துணைத் தேர்வுகளில் நமக்குப் பிடித்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு தடவையும் சைட் ரீடிங்கை ஒதுக்கிவிட்டுத் தப்பித்துவந்தேன். ஆறாம் கிரேடில் தப்ப முடியாது, அது கட்டாயம். முன்பின் பார்த்திராத ஒரு தாளை நீட்டுவார்கள், அரை நிமிடம் பார்க்க விடுவார்கள், அப்புறம் வாசிக்க வேண்டும். அதற்குப் பத்து மதிப்பெண். மூன்று பாட்டுக்கு தலா இருபத்திரண்டு, பயிற்சிகளுக்குப் பதினாலு, துணைத் தேர்வு இரண்டுக்கும் தலா பத்து. அறுபது எடுத்தால் பாஸ். கணக்குப்படி சைட் ரீடிங்கில் முட்டை வாங்கினாலும் பாஸாகிவிடலாம். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, சும்மா பார்த்தார். அந்தப் பார்வைக்கு இந்தக் கணக்கு தாங்காது.

"காதால வாசிக்கிறவனுக்குத் தாள் எதுக்கு?" இதுதான் என் கேள்வியாக இருந்தது. பாவலரே எனக்குச் சாட்சி. ஆனால் அவர் தம்பியின் கதை எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

ராசய்யா பதினாலு வயதில் அண்ணன் குழுவில் சேர்ந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. வைகை அணையில் கூலி வேலையும் பார்த்திருக்கிறார். குழுவில் முதலில் பெண் குரலில் பாடியதாகவும், குரல் உடைந்த பிறகே பெட்டியில் உட்கார்ந்ததாகவும், அதற்கு முன்பு அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக அந்தப் பெட்டியைத் தொட்டுப் பழகியதாகவும் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். பத்து வருடத்துக்கு மேல் ஊர் ஊராக வாசிப்பு. அதாவது, 1968-ல் சென்னைக்கு வண்டி ஏறும்போது அவர் தொழில் தெரியாத பையன் அல்ல. இருபத்தைந்து வயது, ஆயிரக்கணக்கான மேடை பார்த்த வாசிப்பாளர்.

கிளம்பும்போது அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தார் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கதை. எங்கள் வீட்டில் இதை அம்மா பாசத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த வீட்டில் இருந்த ஒரே ஒலிக் கருவி அது. பாட்டுக் கேட்கிற கருவியை விற்றுத்தான் பாட்டு உண்டாக்கப் போயிருக்கிறார்கள்.

சென்னையில் அவர் முதலில் போனது தன்ராஜ் மாஸ்டரிடம். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்துகொண்டு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவர். ராசய்யாவை 'ராஜா' ஆக்கியவர் அவர்தான். பாக், மொசார்ட், பீத்தோவன், ஐந்து கோட்டு நோட்டு, ஹார்மனி, கவுன்டர்பாயிண்ட் எல்லாம் ஆனா ஆவன்னாவிலிருந்து. நினைத்துப் பாருங்கள். பத்து வருடமாகக் கைதட்டு வாங்கிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி, இது கால் நோட்டு இது அரை நோட்டு என்று எழுதிப் பழக வேண்டும். பிறகு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். 1872-ல் தொடங்கிய கல்லூரி. அது 1877 வாக்கிலிருந்து வெளியாட்களுக்கும் பரீட்சை நடத்தியது. நான் இப்போது பயப்படுகிற பரீட்சையின் தாத்தா.

ஆர்மோனியத்தின் குறை என்று வித்வான்கள் சொன்னது இங்கே உதவியாக மாறியிருக்கும் என்பது என் ஊகம். கட்டை கட்டையாக, நடுவில் ஒன்றும் இல்லாமல், பன்னிரண்டு ஸ்வரமும் சம இடைவெளியில். மேற்கத்திய இசையின் கார்டுகள் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கின்றன. பெட்டியில் வளர்ந்த விரலுக்கு அந்த வரைபடம் ஏற்கெனவே தெரியும். ஐந்து கோட்டு நோட்டு அதற்கு எழுத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். (கர்நாடக சங்கீதத்தைப் பிற்பாடு டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் படித்தார். அது தனிக் கதை.)

சரி, எழுதத் தெரிந்ததால் என்ன லாபம்? இதற்கு அந்தக் காலத்து ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். லண்டனில் பீட்டில்ஸ் 1967-ல் சார்ஜன்ட் பெப்பர் ஆல்பத்தை நாலு தட டேப்பில் பதிந்தார்கள். எழுபதுகளில் அங்கே பதினாறு, இருபத்து நாலு தடம் சகஜம். டிரம்ஸை இன்று, கிட்டாரை நாளை, குரலை அடுத்த வாரம் பதியலாம். தப்பு வந்தால் அந்தத் தடத்தை மட்டும் அழித்துத் திரும்ப வாசிக்கலாம். சென்னையில் அப்போது சினிமாப் பாட்டு பெரும்பாலும் மோனோ. பாடகர், வயலின் வரிசை, தபலா, புல்லாங்குழல் எல்லாரும் ஒரே நேரத்தில். மூன்றாவது நிமிடத்தில் கடைசி வரிசை வயலின் ஒன்று பிசகினால் முதல் நிமிடத்திலிருந்து எல்லாரும் மறுபடியும். வாத்தியம் எவ்வளவு சத்தம் என்பதை மைக்கிலிருந்து யார் எவ்வளவு தூரத்தில் உட்காருகிறார் என்பதே தீர்மானித்தது. பிறகு உட்கார்ந்து சரிசெய்யலாம் என்ற பேச்சே இல்லை.

என் அத்தை பையனின் பிராக்டிகலில் 'அன்டூ' பட்டன் உண்டு. இவர்களுக்குக் கிடையாது. தினமும் இரண்டு மூன்று பிராக்டிகல், எக்ஸாமினர் தயாரிப்பாளர், ஸ்டுடியோ வாடகை மணிக் கணக்கில் ஓடும்.

இப்படிப்பட்ட அறையில், மெட்டைப் பாடிக் காட்டி ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் வாயால் சொல்லிக்கொடுத்தால் பொழுது போய்விடும். அதிலும் ஒரே நேரத்தில் நாலு வாத்தியம் நாலு வேறு வரிகளை வாசிக்க வேண்டும் என்றால் வாயால் சொல்லவே முடியாது. எழுதிக் கொடுத்தால் முடியும். பார்த்ததும் வாசிப்பார்கள். அட, இதுதானே சைட் ரீடிங்! எனக்கு அன்று ராத்திரிதான் இது உறைத்தது. அந்தப் பத்து மதிப்பெண் ஏதோ வெள்ளைக்காரன் வைத்த தொல்லை என்று நினைத்திருந்தேன். சென்னை ஸ்டுடியோக்களில் அது சோற்றுக்கான தகுதி. தாளைப் பார்த்ததும் வாசிக்கத் தெரிந்தவருக்கே அந்த நாற்காலி.

அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்தான். சலீல் சவுத்ரி போன்றவர்களுக்குக் கிட்டாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக நிறையப் படங்கள், அதிலும் கன்னடப் படங்கள். அங்கே அவர் எழுதிய வாத்தியப் பகுதிகளை வாத்தியக்காரர்கள் வாசிக்கக் கேட்டுக் கேட்டுத் தன் எழுத்தைத் தானே திருத்தியிருப்பார். 1976-ல் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி'யைக் கொடுத்து, ராஜாவுக்கு முன்னால் 'இளைய' சேர்த்தார். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும், நான் சொல்லி என்ன ஆகப்போகிறது. பாவலர் அதைப் பார்க்கவில்லை. 1973-லேயே இறந்துவிட்டார்.

1978-ல் 'ப்ரியா', தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாட்டுகள் என்று சொல்லப்படுபவை. 1986-ல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' பாட்டுகளில் கணினியும் சீக்வென்சரும் வந்துவிட்டன. மிடி என்ற பொது மொழி வந்தே மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதே 1986-ல் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பம், முழுக்கத் தாளில் எழுதி மனிதர்கள் வாசித்தது. ஒரே வருடத்தில் இரண்டும். அத்தை பையனின் பாடத்தில் முப்பது வருடத்துக்குப் பரவிக்கிடக்கும் மூன்று காலகட்டங்களைப் பண்ணைப்புரத்துக்காரர் பத்து வருடத்தில் தாண்டியிருக்கிறார்.

அந்தக் குழுவில் சின்ன வயதிலேயே கீபோர்டு வாசித்த திலீப் என்கிற ஏ.ஆர்.ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர்தான். 1992-ல் 'ரோஜா'. அதற்குப் பிறகு ஒரு அறையில் அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பது குறைந்துகொண்டே போனது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. எத்தனை வயலின்காரர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்! ஆனால் நான் வைத்திருப்பதும் அந்த மெஷினுடைய பேரன்தான் என்பதால் ரொம்பவும் பேச முடியாது.

இந்தப் பக்கம், ஊரில் என்ன நடந்தது? பதிவு செய்கிற இடம் இல்லை, ஆனால் ஒலிக்க வைக்கிற இடம் இதுதான். என் சித்தப்பா மைக் செட் தொழில். அவருக்கு முன்னால் தாத்தா. வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, இசைத்தட்டு போட்ட காலம் தாத்தாவுடையது. சித்தப்பா வந்தபோது கேசட். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிடமா, தொண்ணூறு நிமிடமா என்று கேட்டு அடித்துக் கொடுப்பார். வீரபாண்டித் திருவிழா சீசனில் தூங்கவே மாட்டார்.

அத்தை பையன் போனில், "ஒரு ரெக்கார்டிங்ல எந்த ஃப்ரீக்வென்ஸி உறுத்துதுன்னு காதால கேட்டுக் கண்டுபிடிச்சு ஈக்வலைசர்ல குறைக்கணும், எனக்கு வரவே மாட்டேங்குது" என்றான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். சித்தப்பா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் பரீட்சை மாதிரி ஒலியை அங்கிருந்து ஓடவிட்டான். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மூக்கால பேசுற மாதிரி இருக்குல்ல, நடுவுல ஆயிரத்துக்குப் பக்கத்துல ஒண்ணு தூக்கியிருக்கு, அதைக் கொஞ்சம் இறக்கு தம்பி" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மாமா, நீங்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டான். "எங்கயும் படிக்கல தம்பி. மண்டபத்துல மைக் ஊளையிட்டா பொண்ணு வீட்டுக்காரன் அடிக்க வருவான். அதுல பழகுனது" என்றார்.

எழுத்துத் தேர்வில் அவர் ஒரு வரி எழுத மாட்டார். அந்தப் பிராக்டிகலை அவர் முப்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் எழுதிக்கொண்டிருக்கிறார். இதைத்தான் "இங்க ஒண்ணும் இல்லடா" என்று நான் சொல்லியிருந்தேன்.

இன்னொன்றும் அன்று பேசினோம். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் 'வேலியன்ட்' சிம்பொனி முதன்முறையாக வாசிக்கப்பட்டது. ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. 1993-ல் அதே குழுவை வைத்து ஒரு சிம்பொனி பதிவாகி வெளிவராமலே போனது, இது முப்பத்திரண்டு வருடம் கழித்து. அத்தையும் மாமாவும் இவனை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவனுக்கு அந்த இசை எவ்வளவு புரிந்ததோ தெரியாது, அவன் கவனித்தது வேறு. "மச்சான், அவ்வளவு பெரிய ஆர்கெஸ்ட்ராவுல ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதுல்ல? எல்லாரும் தாளைப் பார்த்தே வாசிச்சாங்கடா" என்றான்.

எனக்கு அடுத்த சனிக்கிழமை மதுரையில் பரீட்சை. விடிகாலை பஸ். சைட் ரீடிங்குக்குத் தினம் ஒரு புதுத் தாள் என்று வைத்துக்கொண்டு பதினொரு நாளாக உட்காருகிறேன். இப்போதைக்கு வலது கை தேறிவிட்டது, இடது கை இரண்டு அடி பின்னால் வருகிறது. சித்தப்பா ராத்திரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். தாள் அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் எந்த இடத்தில் தாளைப் பார்க்காமல் காதால் ஒப்பேற்றுகிறேன் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்.